போர்ஷனில் வராத ரத்தம்

என் அப்பா என் அப்பா இல்லை என்று அரசு அறிவித்தபோது, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக ஓரடி தள்ளி நின்றார்கள்.

அறிவித்தது ஓர் இயந்திரம். அதற்குப் பெண் குரல் வைத்திருந்தார்கள். ரயில் தாமதமாக வருவதை வருத்தத்தோடு சொல்லுமே, அந்த மாதிரிக் குரல். "வருந்துகிறோம். மகனின் ரத்தம் தந்தையுடன் பொருந்தவில்லை. அடுத்தவர் விரலை வைக்கவும்."

அரசு அதற்கு வைத்த பெயர் மரபு உறுதி நிலையம். ஊஞ்சப்பாளையத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மெண்டல் என்பார்கள். பட்டாணிச் செடி வளர்த்த பாதிரியார் மெண்டலின் விதிப்படி அது வேலை செய்கிறது, அதனால் அந்தப் பெயர். நம்மூர் வாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்துவிடுகிறது. அதற்கு அரசு பொறுப்பல்ல.

போலி வாரிசுகள் பெருத்துவிட்டார்கள், இனி யார் யாருக்குப் பிள்ளை என்பதைக் காகிதம் சொல்லக் கூடாது, உடம்பே சொல்லட்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் ஒவ்வொருவரின் மரபணுவையும் முழுக்கப் படிக்க நிறையச் செலவாகும். ஆகவே மலிவான டெண்டரை எடுத்தார்கள். அந்த மலிவான இயந்திரம் ரத்த வகையைப் பார்க்கும், காது மடல் தொங்குகிறதா ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும், நாக்கைச் சுருட்டச் சொல்லும். மூன்றில் ஒன்று உதைத்தாலும் உறவு ரத்து. நாக்கைச் சுருட்ட வராதவர்களுக்காக பஸ் ஸ்டாண்டு எதிரில் பயிற்சி மையம் திறந்தார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டினார்கள். பயிற்சியில் வரக்கூடிய ஒன்று எப்படிப் பரம்பரைப் பண்பாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு வெளியே பைக்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

கல்லூரி மூன்றாம் ஆண்டுத் தேர்வு எழுத மெண்டல் சான்று வேண்டும். அதற்காகத்தான் அப்பா, அம்மா, நான் மூவரும் போயிருந்தோம். அப்பா உற்சாகமாக இருந்தார். அவர் பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர். தணிகை சார் என்றால் மூன்று தாலுகாவுக்குத் தெரியும். எந்தக் கேள்வி வரும், எது வராது என்று அவர் சொன்னால் அப்படியே நடக்கும். மெண்டலை வடிவமைத்த குழுவின் தலைவன் கௌசிக் அவருடைய மாணவன். "என்ற ஸ்டூடண்ட் பண்ணினது" என்று வரிசையில் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

குரல் பேசியதும் அவர் விரலை மறுபடி வைத்தார். அது மறுபடி வருந்தியது.

"சார், இன்னொருக்கா வெச்சா லாக் ஆயிருமுங்க" என்றான் அங்கே உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டர்.

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு வகுப்பில் பேசும் குரலில் சொன்னார்: "நான் ஓ. இவ ஏ. பிறக்கறது ஏ-வா இருக்கலாம், ஓ-வா இருக்கலாம். இவன் ஏபி. வராது. பி எங்கிருந்து வந்துச்சு?"

அம்மா கேட்டாள்: "ஏனுங்க, இதை எங்கிட்டச் சொல்றீங்களா, கிளாசுல சொல்றீங்களா?"

தந்தை பொருந்தவில்லை என்றுதான் இயந்திரம் சொன்னது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது அம்மாவை.

என் பெயருக்கு முன்னால் இருந்த 'த' அன்று மாலைக்குள் போய்விட்டது. சட்டப்படி அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாதாம். பொருந்தாதவர்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் இனிஷியல் வைத்திருந்தார்கள். மறுநாள் வருகைப் பதிவில் நான் எக்ஸ். நன்மாறன். பஸ் பாஸிலும் எக்ஸ். எங்கள் விலங்கியல் துறைத் தலைவர் என்னைத் தனியே அழைத்து, "இதெல்லாம் பெரிசா எடுத்துக்காத தம்பி" என்றார். அதற்கு முன் மூன்று வருடம் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

வீட்டுக்குத் தேனு அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. அவள் மகன் போன மாதமே மெண்டலில் பாஸ். மாமா பி, மகனும் பி. சுத்தமான கணக்கு. மிக்சர் பொட்டலத்தோடுதான் வந்தாள். துக்கம் விசாரிக்க வருபவர்கள் வெறுங்கையோடு வரலாம். தீர்ப்புச் சொல்ல வருபவர்கள் ஏதாவது வாங்கி வருவார்கள் போலிருக்கிறது.

"எங்க வம்சத்துல கலப்பே கெடையாது" என்று ஆரம்பித்தாள். "எங்கப்பனுக்கு எங்காத்தா சொந்த மாமன் மக. அவங்களைப் பெத்தவங்களும் அப்படித்தான். வெளிய போய் எடுத்தது உன்னைய மட்டும்தான். அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்."

"நங்கையா, மிக்சர் வெக்கட்டுங்களா, இல்ல இன்னும் பேசறீங்களா?" என்றாள் அம்மா. அத்தையை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மரியாதையில் குறை வைத்ததில்லை. அன்றும் வைக்கவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். நாள் முழுக்க பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. அத்தை போன பிறகு அப்பாவிடம் வந்து நின்றாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதைத்தானுங்க கேக்கறேன்."

"வினோதினி, உன்மேல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா விடை அப்படித்தான வருது."

எனக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. பரணில் அப்பாவின் பழைய பாடப்புத்தகம் இருந்தது. முன்பெல்லாம் அவர் மாணவர்களுக்கு அதிலிருந்துதான் நடத்துவார். மெண்டல் விதிகள் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு. அடுத்த பாடம், மெண்டல் விதிகளுக்கு விலக்குகள். அதில் ஒரு கோடுகூட இல்லை. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் சேர்த்தால் ரோஸ் பூக்கும் அந்தி மந்தாரை, தாய் வழியில் மட்டும் வரும் இலை நிறம், ஒரு மரபணு இன்னொன்றின் வாயைப் பொத்துவது, இப்படி முப்பது பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. ஓர் ஓரத்தில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று பெட்டி போட்ட செய்தி. பாம்பே ரத்த வகை என்று ஒன்று உண்டு. அது இருப்பவர் சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டுவார். ஆனால் உள்ளே ஏ-வோ பி-யோ ஒளிந்திருக்கலாம். பிள்ளைக்குப் போனதும் வெளியே தெரியும்.

அதை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். அப்பா நடுவிலேயே நிறுத்தினார்.

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்பா?"

"பெட்டிச் செய்தி. பரீட்சைல கேக்க மாட்டான். போர்ஷன்ல இல்ல."

இது அவர் வகுப்பில் புகழ்பெற்ற வாக்கியம். யார் என்ன கேட்டாலும் இதைச் சொன்னால் முடிந்தது. அதற்குப் பிறகு எவரும் கையைத் தூக்கியதில்லை.

"ஏங்க, ஆஸ்பத்திரில ஒரு சொட்டு ரத்தம் குடுங்க. வேற மாதிரி பரிசோதிப்பாங்களாமா. ஒளிஞ்சிருந்தா தெரிஞ்சிரும்" என்றாள் அம்மா.

"பத்தாயிரத்துல ஒருத்தனுக்கு வர்றது. நான் என்ன பத்தாயிரத்துல ஒருத்தனா?"

"கட்டிக்கறப்ப அப்படித்தான் சொன்னீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "டெஸ்ட் பண்ணி சாதா ஓ-ன்னே வந்துட்டா?"

"வந்துட்டா என்னங்க?"

அவர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார்.

"சந்தேகமே இல்லாதவருக்கு இதுல என்ன பயம்?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "எங்க கம்பெனில நாலணா பெறாத பீஸு. அதை ரிஜெக்ட்ல போடறதுக்கு முன்னால லைட்டுக்கு அடியில இன்னொருக்கா விரிச்சுப் பாப்போம். ஒரு நூல் இழுத்திருந்தாக்கூட, துணி மேல குத்தமா ஊசி மேல குத்தமான்னு மிஷினையும் போய்ப் பாப்போம். உங்களுக்கு அதுகூடத் தோணலீங்களா?"

அந்த வாரமே அவள் சந்தைப்பேட்டைப் பக்கம் மாடியில் ஒரு போர்ஷன் பார்த்துவிட்டாள். ஒரு ஹால், ஒரு சமையலறை, பக்கத்துப் போர்ஷனோடு சேர்ந்த பாத்ரூம். நானும் போய்விட்டேன். 'த'-வை எடுத்துவிட்ட பிறகு நான் எங்கே இருந்தால் யாருக்கென்ன.

மெண்டலை நடத்தும் அரசுத் துறைக்கு முறையீடு எழுதினேன். பதில் உடனே வந்தது. மறுபரிசோதனைக்கு வழி உண்டு, தந்தையின் சம்மதம் வேண்டும் என்றது. தந்தையே இல்லை என்று தீர்த்துச் சொன்னவர்களும் இவர்கள்தான், அவரிடம் சம்மதம் வாங்கி வா என்பவர்களும் இவர்கள்தான். இதை எழுதியவர் சிரிக்காமல் எப்படி எழுதினார் என்று இன்றைக்கும் எனக்கு வியப்பு.

கௌசிக்கின் எண்ணைப் பிடித்துக் கூப்பிட்டேன். தணிகை சார் மகன் என்றதும் உருகிவிட்டான்.

"ப்ரோ, சார் இல்லேன்னா நான் இல்ல. எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். உங்க மிஷின்தான் அவர் எனக்கு அப்பா இல்லேன்னு சொல்லிருச்சு."

விவரத்தைச் சொன்னேன். பாம்பே வகையை ஏன் இயந்திரத்தில் சேர்க்கவில்லை என்று கேட்டேன்.

"எக்ஸெப்ஷன்ஸா? எங்க பேட்ச் வெள்ளம் வந்த வருஷம் ப்ரோ. குறைச்ச பாடத்திட்டம். அந்த லெசனையே தூக்கிட்டாங்க. டீம்ல நாங்க எல்லாரும் ஒரே பேட்ச்."

"தூக்கினா? நீங்களா படிச்சிருக்கலாமே?"

"சார்கிட்ட கேட்டேன் ப்ரோ. படிக்கட்டுமான்னு. வேண்டாம், போர்ஷன்ல இல்லைன்னுட்டார். நான் நூத்துக்கு நூறு."

"உங்க மிஷின்ல எத்தனை பேர் எக்ஸ் ஆகியிருக்காங்க?"

"அதைச் சொல்லக் கூடாது. ஆனா ஒட்டுமொத்தமா பாத்தா ரொம்ப கம்மி சதவீதம் ப்ரோ. பாஸ் மார்க்குக்கு மேல தாராளமா வருது."

முதல் வகுப்பில் தேறிய இயந்திரம். அது தவறவிட்ட ஒன்றிரண்டு மதிப்பெண்தான் என் அம்மா. அவள் கம்பெனிக்குப் போகும் வேனில் இப்போது பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அதைப் பற்றி அவள் சொன்னது ஒன்றுதான்: "பையை வெச்சுக்க வசதியா இருக்குது."

அப்பா தனியாக இருந்து ஓட்டலில் பரோட்டாவும் சால்னாவுமாகச் சாப்பிட்டு வந்தார். வயிற்றில் ஏற்கெனவே புண் இருந்தது. ஒரு நாள் பகலில், வகுப்பு நடக்கும்போதே ரத்தமாக வாந்தி எடுத்து கரும்பலகைக்குக் கீழே விழுந்தார். மாணவர்கள் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். அத்தை எனக்கு போன் செய்தாள். அம்மா நான் சொல்லி முடிக்கும் முன்பே செருப்பைப் போட்டுவிட்டாள்.

நிறைய ரத்தம் போயிருந்தது. ஏற்ற வேண்டும். ஓ வகை ரத்தத்துக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் ஏற்றுவதற்கு முன் அவர் ரத்தத்தோடு கலந்து பார்க்கும்போது ஒவ்வொரு பையும் திரிந்தது, எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி. ரத்த வங்கி டாக்டர் செரினா வெளியே வந்தார். இளம் வயது. வந்ததும் எங்களைக் கேட்ட கேள்வி, "இவருக்கு யார் ஓ-ன்னு சொன்னது?"

"அரசாங்கம்" என்றேன்.

"இது ஓ இல்ல. பாம்பே வகை. சாதா ஓ ஏத்தினா ஆளே போயிருவார். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

அத்தை முன்னால் வந்தாள். "நான் அக்கா. எங்களுது சுத்தமான ஓ. எடுத்துக்கோங்க."

எடுத்துப் பார்த்தார்கள். அவளுடையதும் ஓ இல்லை. தம்பியுடையதேதான். பொருந்திவிட்டது.

அத்தை படுக்கையில் கையை நீட்டிப் படுத்திருக்க, என் வகையையும் அம்மாவின் வகையையும் கேட்டுக்கொண்டு டாக்டர் எங்களுக்குச் சொன்னார். "ரத்தத்துல ஏ, பி-ங்கறது மாடி போர்ஷன் மாதிரி. அதைக் கட்டணும்னா கீழ ஒரு தரைத்தளம் வேணும். அதுக்கு ஹெச்-னு பேர். எல்லாருக்கும் இருக்கும். இவங்க ரெண்டு பேருக்கும் அந்தத் தரைத்தளம் இல்ல. இவருகிட்ட பி கட்டுறதுக்கான பிளான் இருக்குது. பையிலயே வெச்சுட்டுச் சுத்தறார். கட்ட இடமில்ல. வெளிய இருந்து பாத்தா காலி மனை. ஓ-ன்னு எழுதிடறாங்க."

"அப்ப என்ற பையனுக்கு?" என்றாள் அம்மா.

"நீங்க தரைத்தளம் போட்டுக் குடுத்துட்டீங்க. அதுமேல உங்க ஏ எழும்பிச்சு. அவர் பையில இருந்த பி-யும் எழும்பிச்சு. ஏபி. நீங்க குடுத்தது இல்லேன்னா இவனுக்குள்ள அப்பா இருக்கறதே தெரிஞ்சிருக்காது."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்கிற அளவுக்கு ஒன்றும் வரவில்லை. "இத்தனை நாள் கழிச்சு" என்று மட்டும் சொன்னாள்.

"நானும் ரத்தம் குடுக்கட்டுங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உன்னோடது அவர் உடம்புல ஏறினா அவ்வளவுதான்."

நான் அவர் மகன்தான் என்று உறுதியான அதே நிமிடத்தில், என் ரத்தம் அவரைக் கொல்லும் என்பதும் உறுதியானது. இதையெல்லாம் ஒரு மதிப்பெண் வினாவில் எப்படிக் கேட்பது.

டாக்டர் அத்தையிடம் கேட்டார். "உங்க அப்பா அம்மா நெருங்கின சொந்தமா?"

"சொந்த மாமன் மக" என்றாள் அத்தை, படுத்திருந்தாலும் பெருமை குறையாமல். "நாலு தலைமுறையா கலப்பே கெடையாது."

"அதனாலதான் வந்திருக்குது. இந்தக் குறை ஒரு குடும்பத்துல ஒளிஞ்சே இருக்கும். ரெண்டு பக்கமும் அதே குடும்பமா இருந்தா, ரெண்டு பாதியும் ஒண்ணாச் சேர்ந்துக்கும். வெளிய எடுத்திருந்தா பெரும்பாலும் வந்திருக்காது."

அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கொஞ்சம் கழித்து, "வினோதினி" என்றாள்.

"ரத்தம் குடுத்தவங்க மாதுளம்பழ ஜூஸ் குடிக்கோணுமுங்க நங்கையா" என்றாள் அம்மா. "வாங்கியாறேன்."

வாங்கி வந்து கொடுத்தாள். அப்பா கண் விழித்துவிட்டார் என்று செவிலியர் வந்து சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். உள்ளே போகவில்லை.

மருத்துவமனை அறிக்கையை அனுப்பியதும் என் 'த' திரும்பி வந்தது. இயந்திரத்தில் மறுபடி விரலை வைத்தேன். "மகிழ்ச்சி. நீங்கள் உங்கள் தந்தையின் மகன்" என்றது, அதே குரலில். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பற்றி முதலிலும் தான் ஒன்றும் சொல்லவில்லை என்பது அதன் நிலைப்பாடு. கௌசிக் பாம்பே வகையை மட்டும் சேர்த்துப் புதுப்பித்தான். விலக்குகள் பாடத்தின் மற்ற பக்கங்கள் அடுத்த டெண்டரில் வருமாம். எங்கள் ஊரில் இன்னும் பல எக்ஸ்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் யாரும் இதுவரை மறுபரிசோதனைக்குச் சம்மதம் தரவில்லை. எல்லோரும் தங்கள் மனைவியை முழுமையாக நம்புவதாகச் சொல்கிறார்கள்.

உடம்பு தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சந்தைப்பேட்டைக்கு வந்தார். மாடிப்படியில் மெதுவாக ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். மெலிந்திருந்தார். அம்மா நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை.

"கேள்வி தப்பா இருந்தா எழுதின எல்லாருக்கும் மார்க் குடுத்திருவாங்க, வினோதினி" என்றார். கருணை மதிப்பெண் என்பார்கள் அதை. "மிஷின் தப்பு. கேள்வியே தப்பு. எனக்கும் குடுத்திரேன்."

"கேள்வி தப்பில்லைங்க. பி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டீங்க, நல்ல கேள்விதான். உங்ககிட்ட இருந்து வந்துச்சு. எழுத உங்களுக்கு மனசு வரலை."

அப்பா கையில் வைத்திருந்த தண்ணீரைக் குடித்தார். சுற்றிப் பார்த்தார். ஹாலில் என் பாயும் அவள் பாயும் சுருட்டி வைத்திருந்தன. சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

"இந்த வீட்டம்மா வாடகைக்கு விடறப்ப ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டாங்க" என்றாள் அம்மா. "சாதி கேக்கலை, புருஷன் எங்கேன்னு கேக்கலை. எத்தனை பேருன்னு கேட்டாங்க. ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன்."

"மூணாவதா ஒரு ஆள் வந்தா வாடகை ஏத்துவாங்களா?"

அவர் வேடிக்கையாகக் கேட்க முயன்றார். அம்மாவும் லேசாகச் சிரித்தாள், அவருக்காக.

"ஏத்த மாட்டாங்க. ஆனா அது போர்ஷன்ல இல்லைங்க."

அவருடைய வகுப்பில் அந்த வாக்கியத்துக்குப் பிறகு எவரும் கேள்வி கேட்டதில்லை. அவரும் கேட்கவில்லை. டம்ளரை நாற்காலிமேல் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.